எம்.டி., சேர்மன் முன்னால் 15 நிமிடம் கிடைத்திருக்கிறது, எப்படிப் பேசுவது?

டேம்பர்_திருமங்கலம்

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை எம்.டி., அவருடைய அப்பா (அவர்தான் சேர்மன்), இரண்டு டைரக்டர்கள், ஜி.எம்., அக்கவுன்ட்ஸ் மேனேஜர் எல்லோரும் உட்காருகிற கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் போன ஆட்கள் எல்லாம் திரும்பி வந்து மில் முழுசாக ஓட ஆரம்பித்த வாரம், எம்.டி.யும் நல்ல மனநிலையில் இருக்கிறார், இதை விட்டால் இனி எப்போது கிடைக்குமோ தெரியாது.

விஷயம் இதுதான். எங்கள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் எட்டு ஃபேன், ஒவ்வொன்றுக்கும் 22 கிலோவாட் மோட்டார். நூல் அறுபடாமல் ஓட வேண்டுமென்றால் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின்கள் ஓடும் ஹாலில் ஈரப்பதம் ஒரே அளவில் நிற்க வேண்டும், அதற்காகக் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்போம். எப்படிக் குறைக்கிறோம் என்றால், டேம்பரை மூடி. காற்று போகிற வழியை அடைத்துவிட்டு மோட்டாரை அதே முழு வேகத்தில் ஓட்டுகிறோம். இதற்குப் பதில் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டால் வேகத்தையே குறைத்துவிடலாம். ஃபேன் இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்கும், அதாவது வேகம் நூறிலிருந்து எண்பதானால் 0.8-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், 0.512 வரும், பவர் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். எட்டுக்கும் சேர்த்து 18 லட்சம் ஆகும், வருடத்துக்கு 29 லட்சம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பயம் எதற்கென்றால், இரண்டு வருடம் முன்னால் கம்ப்ரஸர் ஏர் லீக்கைப் பற்றி இதே மாதிரி பேசப் போனேன். 28 ஸ்லைடு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது. மூன்றாவது ஸ்லைடில் எம்.டி. "இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றார். "சார், அது பின்னாடி வருது" என்றேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார், ஒரு நிமிடம் கழித்து "சரி, ஜி.எம். கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான் முடிந்தது. அந்த ஃபைல் இன்னும் ஜி.எம். அலமாரியில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு மில் நின்றிருந்தபோது ஷெட்டுக்குள் நடந்தேன், ஒரு மெஷின் ஓடவில்லை, ஆனால் குழாய் முழுக்க ஸ்ஸ் ஸ்ஸ் என்று காற்று போகிற சத்தம். அதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

அப்புறம், தமிழில் பேசுவதா இங்கிலீஷிலா? ஸ்லைடு வேண்டுமா? ஜி.எம். உட்கார்ந்திருக்கும்போது நான் நேராக எம்.டி.யிடம் பேசினால் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு_பெரியசாமி

தம்பி, நான் அந்த மேசையில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் முப்பது வருடம் உட்கார்ந்தவன், கணக்குப் பிரிவு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருவர் எழுந்து நின்று ஏதாவது இயந்திரம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தால் முதலாளி கொஞ்ச நேரம் கேட்பார், தொகை வந்தவுடன் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பேசமாட்டார், பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் மேலே போகும், புருவத்தைச் சுருக்கினால் "பார்க்கலாம்" என்பார். "பார்க்கலாம்" என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். இதில் எனக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அந்தக் கணக்கை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன், எனக்குத் தெரியாத எண்ணுக்கு நான் எப்படித் தலையாட்டுவேன்?

அதனால் வியாழக்கிழமைக்கு முன்னால் உங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் போய் உட்காருங்கள். கையில் உங்கள் கணக்கு மட்டும் போதும். "சார், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை போடணும்?" என்று அவரையே கேளுங்கள். உங்கள் 29 லட்சம் எனக்கு இடிக்கிறது. மொத்த ஈ.பி. பில்லை யூனிட்டால் வகுத்து விலை எடுத்தீர்களா? அப்படியென்றால் தப்பு. எச்.டி. (உயர் அழுத்த மின்சாரம்) பில்லில் டிமாண்ட் சார்ஜ், அதாவது அதிகபட்ச லோடுக்கான கட்டணம், தனி, யூனிட் சார்ஜ் தனி, பீக் ஹவர் கூடுதல் தனி. ஃபேன் குறைவாக இழுத்தால் யூனிட் கட்டாயம் குறையும், டிமாண்ட் குறையுமா என்பது வேறு கதை, அதை மிச்சத்தில் சேர்க்காதீர்கள். காற்றாலை வைத்திருக்கும் மில் என்றால் அந்த யூனிட்டின் மதிப்பு வேறு. இந்த எண் ஒன்று கூட்டத்தில் உங்களுக்கும் அவருக்கும் வேறுபட்டால் போதும், மிச்ச நேரம் முழுக்க விலைச் சண்டையிலேயே போய்விடும், ஃபேனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொன்று. பவர் பாதியாகும் என்கிறீர்கள், ஆனால் டேம்பரை மூடும்போதே மோட்டார் இழுப்பது கொஞ்சம் குறைந்திருக்குமே? அதைக் கழித்தீர்களா? நான் அங்கே இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பேன். இப்போது ஓடுகிற நிலையில் மணிக்கு எத்தனை யூனிட் போகிறது என்று நீங்களே அளந்த எண் வேண்டும். விற்பவர் கொடுத்த காகிதத்தில் உள்ள சதவீதத்தைச் சொல்லாதீர்கள்.

பேசும்போது முதல் வாயிலேயே மூன்றையும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு கேட்கிறேன், வருடத்துக்கு எவ்வளவு திரும்பும், இன்றைக்கு உங்களிடம் என்ன முடிவு வேண்டும். பெரியவர்கள் முன்னால் எடுத்த எடுப்பில் காசு பேச நமக்கு வாய் வராது, சுற்றி வளைத்து, மில்லின் பெருமையைச் சொல்லி, மின்சாரச் சிக்கனத்தின் அவசியம் என்று ஒரு கட்டுரை வாசித்துவிட்டுத்தான் வருவோம். அந்த ஆட்களுக்கு அன்றைக்கு அது ஏழாவது விஷயம். பஞ்சு விலை ஒரு பக்கம், பேங்க் வட்டி ஒரு பக்கம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று தெரியாத வரைக்கும் நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

வடபழஞ்சி_சங்கரி

ஐயா சொன்னதோடு சேர்த்து நான் பட்டதையும் எழுதுகிறேன். உசிலம்பட்டிதான் ஊர், மதுரையிலேயே ஐ.டி.யில் இருக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறையாவது வெளிநாட்டு வாடிக்கையாளரின் வைஸ் பிரசிடென்ட்களிடம் வீடியோவில் பேச வேண்டியிருக்கும். முதல்முறை எனக்கு முப்பது நிமிடம் என்றார்கள், அவருடைய முந்தைய கூட்டம் இழுத்துக்கொண்டே போய் கடைசியில் ஆறு நிமிடம்தான் மிஞ்சியது. நான் முப்பது நிமிடப் பேச்சை ஆறு நிமிடத்தில் மூச்சுவிடாமல் ஓட்டினேன். முடிந்ததும் அவர் பொறுமையாக, நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கேள்விதான் மண்டையில். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சை இரண்டு அளவில் தயார் செய்கிறேன், கொடுத்த நேரத்துக்கு ஒன்று, மூன்று நிமிடத்துக்கு ஒன்று. உங்கள் பதினைந்து நிமிடம் பதினைந்தாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஸ்லைடு விஷயம். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டையே நிறுத்திவிட்டார். விஷயத்தை முழு வாக்கியங்களில், அதிகபட்சம் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும், எல்லோரும் உட்கார்ந்து முதலில் சத்தமில்லாமல் படிப்பார்கள், அதற்கப்புறம்தான் பேச்சு. உங்கள் மில்லுக்கு ஆறு பக்கம் எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும், ஆனால் அந்த யோசனை அப்படியே பொருந்தும். தாளில் தொகை, மிச்சம், எப்போது முடியும், என்ன தவறு நடக்கலாம், நடந்தால் என்ன செய்வோம், இவ்வளவும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், சேர்மனுக்கு வயதாகியிருக்கும், பொடி எழுத்தைப் பார்த்தால் ஓரமாக வைத்துவிடுவார். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. திரையைப் பார்க்கும்போது எல்லோரும் உங்கள் வேகத்துக்குக் காத்திருக்க வேண்டும், தாள் என்றால் யாருக்கு எந்த எண் வேண்டுமோ அதற்கு நேராகப் போய்விடுவார்கள். மும்மடிப் பெருக்கம், வயரிங் படம், மூன்று கம்பெனி விலைப்புள்ளி எல்லாம் தனி ஃபைலில் கையோடு இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள்.

மொழிக்கு என் வழி இது: அவர்கள் தங்களுக்குள் வாக்குவாதம் செய்தால் எந்த மொழியில் செய்வார்கள் என்று பாருங்கள், அதில் பேசுங்கள். அப்பாவும் மகனும் தமிழில்தானே சண்டை போடுவார்கள்?

நடுவில் குறுக்கிட்டுக் கேட்டால் பதறாதீர்கள். குறுக்கே கேட்கிறார் என்றால் மனதுக்குள் வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். போன தடவை எம்.டி. "எவ்வளவு ஆகும்" என்று கேட்டபோது உண்மையில் கதவு திறந்தது, நீங்கள்தான் பின்னாடி வருகிறது என்று மூடிவிட்டீர்கள். கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த நான்கைந்து விநாடி அமைதி கொடுமையாக இருக்கும், அதை நிரப்பப் போய்த்தான் "இல்ல சார், கொஞ்சம் குறைச்சும் பண்ணலாம்" என்று நாமே நம் விலையை இறக்குவோம். தெரியாததைக் கேட்டால் "அளந்துட்டு நாளைக்குக் காலையில சொல்றேன் சார்" என்று சொல்லுங்கள், சொன்னபடி காலையில் போய் நில்லுங்கள்.

நூல்காரர்_வீட்டுப்_பிள்ளை

நான் முதலாளி வீட்டுப் பக்கம். அப்பா சின்ன மில் நடத்துகிறார், நானும் அதே ஆபீசில் பத்து வருடம். மேலே இரண்டு பேரும் சொன்னதில் எனக்குக் குறையில்லை, ஆனால் இருவரும் சேர்மனை விட்டுவிட்டார்கள்.

குடும்ப மில்லில் மகன் எம்.டி.யாக இருப்பார், பேசுவதெல்லாம் அவர்தான், கையெழுத்தும் அவர்தான். ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரே பெரியவர், அவர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் மகன் செய்யமாட்டார். பெரியவருடைய கவலை 18 லட்சம் இல்லை. மில் நின்றுவிடக் கூடாது, நூல் கெட்டு வாங்கியவரிடமிருந்து புகார் வரக் கூடாது, இது இரண்டும்தான் அவருக்குத் தூக்கம் கெடுக்கும். எங்கள் மில்லில் ஒருமுறை ஒரு மெஷினில் எலக்ட்ரானிக் கார்டு போய், விற்றவர் போனை எடுக்காமல், மூன்று வாரம் அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அப்பா தினமும் காலையில் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். அதிலிருந்து யாராவது புதிதாக ஒரு பெட்டியைக் காட்டி இது எல்லாம் தானாகச் செய்யும் என்றால் அவர் முகம் மாறிவிடும்.

ஆகவே பெரியவருக்கு ஒரு பதில் தயாராக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவ் நின்றால் என்ன? பைபாஸ் ஸ்டார்ட்டர் வைக்கச் சொல்லுங்கள், ஒரு சுவிட்சைத் திருப்பினால் ஃபேன் பழையபடி நேர் லைனில் ஓடும், டேம்பரும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது கெட்டுப்போனால் இன்றைக்கு எப்படி ஓடுகிறதோ அப்படி ஓடும், அதற்குக் கீழே போகாது. இதைத் தாளில் தொகைக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். பைபாஸுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சேர்த்துக் கேளுங்கள். கோயம்புத்தூர் சிட்ரா (ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) ஆட்கள் எப்போதாவது உங்கள் மில்லில் எனர்ஜி ஆடிட் செய்து அறிக்கை கொடுத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள், பெரியவர்களுக்கு அந்தப் பெயர் மேல் மரியாதை உண்டு.

ஜி.எம். கிட்ட முன்னாலேயே போய்விடுங்கள் அண்ணே. அவரைத் தாண்டிப் போனதாக அவருக்குத் தோன்றினால் கூட்டத்தில் எதிர்க்கமாட்டார், நல்ல யோசனைதான் சார் என்பார், ஆனால் அதற்கப்புறம் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர்கூட நகராது.

டேம்பர்_திருமங்கலம்

நன்றி ஐயா, அக்கா, தம்பி. மூன்று நாளாக இதே வேலைதான்.

அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் போனேன். ஐயா சொன்னதேதான், மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து 9 ரூபாய் என்று போட்டிருந்தேன். அவர் யூனிட் சார்ஜ் மட்டும் எடுக்கச் சொல்லி 7 ரூபாய் 25 காசு என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நான்கு நாள் எனர்ஜி மீட்டர் மாட்டி அளந்தேன், டேம்பர் பாதி மூடிய நிலையில் ஒரு ஃபேன் மணிக்கு 16 யூனிட் எடுக்கிறது. வருடத்துக்கு 8,400 மணி நேரம். முப்பது சதவீதம் குறைந்தால் எட்டு ஃபேனுக்கும் 23 லட்சத்துச் சொச்சம். இருபது சதவீதம்தான் குறையும் என்று வைத்தாலும் பதினைந்தரை லட்சம். 18 லட்சம் திரும்ப ஒன்பது மாதத்திலிருந்து பதினாலு மாதம். 29 லட்சம் என்று போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. விலைப்புள்ளியில் பைபாஸ் ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது, நான் அதைக் கவனித்துச் சொல்லவே இல்லை.

ஜி.எம். விஷயம்தான் எதிர்பார்க்காதது. தாளைக் கொடுத்தேன், படித்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அலமாரியைத் திறந்து பழைய ஃபைல் ஒன்றை எடுத்தார். ஆறு வருடம் முன்னால் இதே யோசனையை அவரே கேட்டிருக்கிறார், மறுத்துவிட்டார்களாம். என் கம்ப்ரஸர் ஃபைல் அதற்கு அடியிலேயே இருந்தது. "உன்னுடையதை நான் அமுக்கல தம்பி, இன்னொரு தடவ போய் நிக்க எனக்கு மனசு வரல" என்றார். இவ்வளவு நாளும் அவரைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருந்தேன். வியாழக்கிழமை அவரே ஆரம்பித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பேரேடு_பெரியசாமி

அந்தப் பழைய ஃபைலில் ஏன் மறுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். அந்தக் காரணம் இன்றைக்கு மாறியிருந்தால் அதை உங்கள் ஜி.எம். வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

டேம்பர்_திருமங்கலம்

முடிந்தது. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

கிடைத்தது ஒன்பது நிமிடம். ஜி.எம். எழுந்து, ஆறு வருடம் முன்னால் நான்கு டிரைவ் கேட்டபோது, ஒன்று கெட்டால் ஃபேனே நின்றுவிடும் என்பதால் சேர்மன் வேண்டாமென்றார், இப்போது பைபாஸோடு வந்திருக்கிறோம் என்று இரண்டே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். நான் தமிழில், தொகை, மிச்சம், இன்றைக்கு ஒப்புதல் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். எம்.டி. திரும்பி அக்கவுன்ட்ஸ் மேனேஜரைப் பார்த்தார், ஐயா எழுதியதைப் படித்தபோது இவ்வளவு துல்லியமாக நடக்கும் என்று நினைக்கவில்லை. அவர் "யூனிட் ரேட் நான் குடுத்ததுதான் சார்" என்றார்.

சேர்மன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சித்திர வெயில்ல நாலு நாள் அளந்துட்டு ஐப்பசி மழைக்கும் இதே கணக்குங்குறீகளா?" அதற்கு என்னிடம் எண் இல்லை. நாலு நாள்தான் அளந்திருக்கிறேன், மழைக்காலத்தில் அளக்காமல் சொல்லமாட்டேன் என்றேன். அவர் மகனைப் பார்த்து "ரெண்டு போட்டுப் பாப்போம்" என்றார். எட்டு கேட்டேன், இரண்டு கிடைத்தது. நாலரை லட்சம். கார்த்திகை முடிந்ததும் கணக்கோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

நூல்காரர்_வீட்டுப்_பிள்ளை

தாளைச் சட்டைப் பையில் வைத்தாரா? எங்கள் அப்பா பிடிக்காத தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பார். சந்தோஷப்படுங்கள் அண்ணே.

பேரேடு_பெரியசாமி

இரண்டு போதும் தம்பி, ஆனால் டிரைவ் வந்த பிறகு அளக்க ஆரம்பித்தால் காரியம் கெட்டது. இன்றைய நிலையின் கணக்கு இப்போதே ஓட வேண்டும். டிரைவ் போடப்போகும் இரண்டு ஃபேனுக்கும் மீட்டர் மாட்டுங்கள், டிரைவ் போடாத ஒன்றுக்கும் கட்டாயம் மாட்டுங்கள். அப்போதுதான் ஐப்பசியில் அதே மழையில், அதே ஹாலில், டிரைவ் உள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வெயில் மழை என்று யாரும் பேச முடியாது. ஷிஃப்டுக்கு ஒருமுறை யூனிட், ஈரப்பதம், நூல் அறுந்த எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். வாரம் ஒருமுறை ஜி.எம்.மும் அக்கவுன்ட்ஸ் மேனேஜரும் அதில் கையெழுத்துப் போடட்டும், கார்த்திகையில் அது மூன்று பேருடைய கணக்காக இருக்கும்.

டேம்பர்_திருமங்கலம்

ஸ்டோர்ஸில் மீட்டர் இரண்டு இருக்கிறது, நான் அளந்த ஃபேனில் ஏற்கெனவே ஒன்று மாட்டியே இருக்கிறது ஐயா, மூன்று ஆகிவிட்டது. நாளைக் காலை ஷிஃப்டிலேயே மாட்டிவிடுகிறேன். நோட்டை இப்போதே கோடு போட்டு வைத்துவிட்டேன்.